காலி அறையின் ஓசை

டீச்சரின் சிரிப்பு ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு வெட்டப்பட்டது. மதியச் சாப்பாட்டுக்குள் அவரிடம் அது இல்லை. வாய் திறந்தது, தோள் குலுங்கியது, வந்ததோ ஏசி ஓடும் காலி அறையின் ஓசை. பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார். தொலைக்காட்சி நிலையத்தின் வக்கீல் ஒப்பந்தத்தின் பதினான்காம் பக்கத்தைக் காட்டினார்: போட்டியாளரின் உருவம், குரல், அவற்றின் பகுதிகள் எல்லாம் நிலையத்துக்கே சொந்தம். கையெழுத்து டீச்சருடையதுதான். விஷயம் அதோடு முடிந்தது.

நிகழ்ச்சியின் பெயர் 'கண் கலங்காதே'. பன்னிரண்டு பேரை ஒரு வீட்டில் பூட்டிவைத்து, வாரம் ஒரு கெட்ட செய்தி சொல்வார்கள். சில உண்மை, சில பொய். எது எதுவென்று சொல்ல மாட்டார்கள். அழுதவர் வெளியே. கடைசிவரை அழாதவருக்கு ஒரு வீடு பரிசு. யாருக்கு எந்தச் செய்தி என்று வாக்களித்தவர்கள் நாம். 'நாய் செத்துவிட்டது' என்பதைவிட 'அப்பாவுக்கு ஆபரேஷன்' என்பதற்குத்தான் விரல் வேகமாகப் போனது. எனக்கும்தான். இதில் நல்ல பிள்ளை வேஷம் போட்டு என்ன ஆகப்போகிறது? ஆனால் சிரிக்கிற முகத்துக்குக் கெட்ட செய்தி அனுப்ப நமக்கே மனசு வராது. அதனால்தான் சிரிப்புகளை எடுக்கச் சொன்னார் இயக்குநர்.

எடுத்தவள் எடிட்டர். நிலையத்தில் அவளுக்குக் கத்திரி என்று பெயர். படப்பிடிப்பு வீட்டில் எல்லோரும் வாயை மூடி நிற்க, முப்பது வினாடி வெறும் அறையின் ஓசையைப் பதிவு செய்து வைத்திருப்பார்கள். வெட்டிய இடத்தில் அதை வைத்து ஒட்டினால் தையல் தெரியாது. வெட்டியதெல்லாம் 'கழிவு' என்ற பெட்டிக்குப் போகும். திங்கள் காலை ஒன்பது மணிக்கு அதை அழிப்பாள். அதற்குள் திரும்ப ஒட்டினால் போனது வந்துவிடும். சமையல்காரர் ஒருவரின் இருமலை அப்படி வெட்டி, நிகழ்ச்சியின் நீளம் பத்தாமல் திரும்ப ஒட்டியபோது இருமல் அவரிடமே வந்து சேர்ந்தது. அதற்காக வருத்தப்பட்டவர் அவர் ஒருவர்தான்.

டீச்சருக்குப் பிறகு பஸ் டிரைவரின் 'மன்னிச்சிடுங்க' போயிற்று. யார் காலை மிதித்தாலும் அவர் வாயிலிருந்து ஏசிதான் ஓடியது. அதைப் பார்த்த நாளிலிருந்து கத்திரிக்குச் சோறு இறங்கவில்லை. வேலையை விட்டாளா என்றால், அதுவும் இல்லை. படத்திரையைச் சுவர் பக்கம் திருப்பிவைத்தாள், ஒலியை அணைத்தாள். முகம் வேண்டாம், குரல் வேண்டாம்; எண்ணையும் ஒலி அலையின் கோட்டையும் மட்டும் பார்த்து வெட்டினாள். சிரிப்பின் கோடு முள்வேலி மாதிரி இருக்கும், தப்பவே தப்பாது. கை பழையபடி ஓடத் தொடங்கியது.

அப்போதுதான் அவளுடைய தங்கை, பல் மருத்துவர் ஒருவரிடம் வரவேற்பாளராக இருந்தவள், நடுவில் ஒரு காலியிடத்துக்குத் தேர்வானாள். எண் ஏழு.

"போகாதடி, சொன்னாக் கேளு. உன்னைப் பிச்சுத் தின்னுடுவாங்க."

"அழாம இருக்கணும், அவ்வளவுதானேக்கா? சிரிச்சே ஜெயிச்சுட்டு வரேன் பாரு."

சிரிப்பில் அவர்கள் இருவரும் அச்சு அசல். போனில் அம்மாவுக்கே தெரியாது. "எந்த மக பேசுறது? மூத்தவளா, சின்னவளா?" என்பாள். சின்னவள் பெரியவள் மாதிரி பத்து நிமிஷம் பேசி அம்மாவை ஏமாற்றிவிட்டுச் சிரிப்பாள்.

இரண்டே நாளில் இயக்குநர் வந்து நின்றார். "ஏழாம் நம்பர் ரொம்பச் சிரிக்குது. எடுத்துடு."

"சார், அது என் தங்கச்சி."

"இங்க தங்கச்சி, தம்பியெல்லாம் கிடையாதும்மா. நம்பர்தான். உன்னால முடியலன்னா சொல்லு, வேற ஆளை உட்கார வைக்கிறேன்."

வேறு ஆள் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். சரி என்று தலையாட்டினாள். ஏழாம் எண்ணைத் தொடவில்லை. மொத்தச் சிரிப்பின் அளவு குறைந்ததாகக் காட்ட, ஆறாம் எண்ணின் சிரிப்பை எடுத்தாள். ஆறு ஒரு முடிதிருத்துபவர், யாருக்கும் கெடுதல் நினைக்காத மனுஷன். அவர் வீட்டிலும் ஒரு அக்கா இருந்திருக்கலாம். கத்திரி அதை யோசிக்காமல் இல்லை, யோசித்துக்கொண்டேதான் வெட்டினாள்.

சனிக்கிழமை, மூன்றாம் எண்ணான பஸ் டிரைவர் அழுது வெளியேறினார். ஒருவர் போனால் பின்னால் இருப்பவர்களின் எண் ஒவ்வொன்றாக இறங்கும். நிலையத்தின் வழக்கம் அது. புதிய பட்டியல் படங்களோடு கணினிக்கு வந்தது. முகம் பார்ப்பதை விட்டுவிட்டவள் அதைத் திறக்கவில்லை. ஞாயிறு முழுக்க உட்கார்ந்து, பழைய பதிவுகளில் முடிதிருத்துபவர் விட்ட மிச்சம் என்று நினைத்து, ஆறாம் எண்ணிலிருந்து நாற்பத்தொரு சிரிப்புகளை வெட்டினாள். திங்கள் காலை ஒன்பதுக்குக் கழிவை அழித்தாள். ஒன்பது பத்துக்கு இயக்குநர் கதவைத் தட்டி, "பரவாயில்லையே, கொஞ்சம் லேட்டானாலும் சொன்னபடி செஞ்சுட்ட" என்றார்.

அவள் திரையைத் தன் பக்கம் திருப்பினாள். தங்கையின் முகத்துக்குக் கீழே இப்போது ஆறு என்று இருந்தது. உள்ளே யாரோ ஏதோ சொல்ல, தங்கை வாய் நிறையச் சிரித்தாள். ஏசி ஓடியது. தங்கை தொண்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டாள், மறுபடி சிரித்தாள். மறுபடி ஏசி. கத்திரி கழிவைத் திறந்தாள், துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

கதவைத் தாழிட்டுவிட்டு மைக்கின் முன்னால் உட்கார்ந்தாள். சிரித்துப் பார்த்தாள், எல்லாம் அழுகையாகவே வந்தது. ஒரு மணி நேரம் முயன்று பார்த்து, கடைசியில் அம்மாவைப் போனில் கூப்பிட்டாள்.

"அம்மா..."

"எந்த மக? மூத்தவளா, சின்னவளா? என்னை ஏமாத்தாத, சின்னவ டிவிக்குள்ள இருக்கான்னு இந்தத் தடவை எனக்குத் தெரியும்!"

அவள் சிரித்துவிட்டாள். பாவி, கண்ணில் தண்ணீரோடு அப்படி ஒரு சிரிப்பு. பதிவானதை வெட்டி எடுத்து, தங்கையின் நாற்பத்தொரு இடங்களிலும் ஒட்டினாள். ஒட்டி முடித்ததும் தன் வாயைத் திறந்து சோதித்துப் பார்த்தாள். ஏசி சீராக ஓடியது.

மதியம் தங்கைக்குச் சிரிப்பு வந்தது. வீட்டிலிருந்தவர்கள் கைதட்டினார்கள். அவள் மட்டும் பாதியில் நிறுத்திவிட்டாள். அம்மாவுக்குத் தெரியாதது அவளுக்குத் தெரிந்திருந்தது: அது அக்காவுடைய சிரிப்பு. எந்தக் கெட்ட செய்தியும் சொல்லப்படாமலே அவள் அழுதாள். விதி விதிதான், மாலைக்குள் பெட்டியோடு வெளியே வந்துவிட்டாள். பரிசு வீடு வேறு யாருக்கோ போனது. நிகழ்ச்சி இப்போதும் ஓடுகிறது. நாமும் பார்க்கிறோம்.

கத்திரி இப்போது கல்யாண வீடியோக்களுக்கு எடிட்டிங் செய்கிறாள்; எதையும் வெட்டுவதில்லை என்பதால் ஒவ்வொன்றும் ஆறு மணி நேரம் ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் டீச்சரும் முடிதிருத்துபவரும் வருகிறார்கள். முதல் தடவை மன்னிப்புக் கேட்டாள்; டீச்சர் காபியைக் குடித்துவிட்டுப் போனார், அடுத்த வாரமும் வந்தார். தங்கை ஏதாவது சொல்ல நால்வரும் சிரித்தால், ஒருத்தியின் சிரிப்போடு மூன்று ஏசிகள் ஓடுகின்றன. ஒரே அறையின் ஓசை என்பதால் சுருதி விலகுவதில்லை.

அம்மாவுக்கும் இப்போது குழப்பம் இல்லை. போனை எடுத்து, சிரிக்கச் சொல்லி, அந்த ஓசை கேட்டதும், "மூத்தவளா? சாப்பிட்டியாம்மா?" என்கிறாள்.