ரூம் பஸ்ஸின் கூரை

சண்முகநாதன் மூன்றாம் முறையாகக் கட்டிலை இடம் மாற்றிக்கொண்டிருந்தார். வீட்டுக் கட்டில் அல்ல, பஸ்ஸுக்குள் இருக்கும் கட்டில்.

தெரணியகலைக்கு மேலே உள்ள ஒரு ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கிற லயத்துக்குக் கீழே சரிவான முற்றத்தில் நிற்கிற அந்தப் பழைய சின்ன பஸ் ஒரு காலத்தில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றியது. பிள்ளைகள் குறைந்துபோன பிறகு சண்முகநாதனும் அவர் மனைவி மங்கையர்க்கரசியும் சீட்டுகளைக் கழற்றி, கட்டில், கேஸ் அடுப்பு, ஜன்னலுக்குத் திரை எல்லாம் போட்டு, அதைப் படுத்துறங்குகிற வண்டியாக்கிவிட்டார்கள். ஊர் சுற்ற வருகிறவர்கள் வாடகைக்கு எடுத்து, ஆற்றோரம் நிறுத்தி, சமைத்துச் சாப்பிட்டுத் தூங்கலாம். ஃபேஸ்புக்கில் அதற்கு நாகரிகமாக ஒரு பெயர் போட்டிருந்தார்கள். லயத்தில் அதன் பெயர் ரூம் பஸ்.

ரூம் பஸ்ஸில் எல்லாம் இருந்தது. மழையைத் தாங்குகிற கூரை மட்டும்தான் இல்லை.

ஒழுகினால் கூரையைப் பார்ப்பது லயத்தில் பிறந்தவர்களுக்குப் பழக்கமில்லாத காரியம். கூரை தோட்டத்துக்குச் சொந்தம், கட்டில் நமக்குச் சொந்தம். ஆபீசில் போய்ச் சொல்ல வேண்டியது, தகரம் வரும்வரை கட்டிலை நகர்த்திப் போட்டுப் படுக்க வேண்டியது. சண்முகநாதனுக்கு அது ரத்தத்திலேயே ஊறிப்போயிருந்தது. சொந்தமாக பஸ் வாங்கிய மனிதர், அதன் கூரையும் தன்னுடையதுதான் என்பதை மட்டும் மறந்துவிட்டார். பின்பக்கம் ஒழுகியதும் கட்டிலை முன்னால் கொண்டுபோனார். முன்பக்கம் ஒழுகியதும் பின்னால் கொண்டுபோனார். கட்டிலை இறக்கி ஏற்ற வசதியாக ஒவ்வொரு தடவையும் வண்டியை வேறு திருப்பி நிறுத்தினார். எங்கே போட்டாலும் சொட்டு கட்டிலைத் தேடிக்கொண்டு வந்தது. நடுவில் ஒருநாள் கோபத்தில் மேலே ஏறி, கண்ட இடத்திலெல்லாம் சிலிக்கன் பசையை அப்பிவிட்டு இறங்கினார். அதற்கும் பலன் இல்லை.

"இன்னொரு தடவ ஒழுகுச்சுன்னா வண்டியக் குடுத்திருவோம் மங்க. எம்பிலிப்பிட்டிய முதலாளி இன்னும் கேட்டுக்கிட்டுதான் இருக்காரு. மரக்கறி ஏத்துறதுக்கு அவருக்கு இது போதுமாம்" என்றார், கட்டில் காலைத் தள்ளியபடி.

மங்கை கட்டிலின் மறுகாலைப் பிடித்து நிறுத்தினாள். வருகிற சனிக்கிழமை மாவனல்லையிலிருந்து ஒரு குடும்பம் வரப்போகிறது. விடிந்தால் ரப்பர் பால் வெட்டு, பொழுது சாய்ந்தால் அடுப்படி என்று ஓடுகிற அவளுக்கு, "வாங்க, உள்ள வாங்க" என்று நாலு பேரை வரவேற்று உட்காரவைக்க வாய்த்த இடம் இந்த பஸ் ஒன்றுதான். அதில் வெங்காய மூட்டையை ஏற்றுவதை நினைக்கவே அவளுக்குப் பொறுக்கவில்லை.

"கூரைய நான் பாத்துக்கிறேன். நீங்க கட்டில தொடாம இருந்தாலே பெரிய புண்ணியம்" என்றாள்.

கடைவீதியில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கிற நிஸாரிடம் போய் விவரம் கேட்டாள். அவர் தண்ணீர் புகாத வெள்ளைப் பூச்சு வாளி ஒன்றை எடுத்து வைத்துவிட்டு, சிலிக்கன் என்ற சொல்லைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டார். "சிலிக்கனுக்கு மேல இந்தப் பூச்சு ஒட்டாது தங்கச்சி. எல்லாத்தையும் சுரண்டி எடுங்க. கழுவிக் காய வச்சு, துரு இருக்கிற இடத்துக்கு பிரைமர் அடிங்க. தகரம் சேர்ற இடத்துல வலைத்துணி ஒட்டுங்க. பொறகு நீளவாக்கில ஒரு கை, அது காஞ்சதும் குறுக்கால ஒரு கை."

அது ரப்பர் மரங்கள் இலை உதிர்க்கிற மாசி மாதம். பால் வெட்டு நின்றிருந்ததால் மங்கைக்குப் பகலெல்லாம் கை சும்மாதான் இருந்தது. பஸ்ஸை முகம் பள்ளத்தைப் பார்க்க, மண் திட்டை ஒட்டி நிறுத்தச் சொன்னாள். மேல் லயத்துப் பாதை அந்தத் திட்டின் மேல்தான் போகிறது. அங்கே நின்றால் கூரை இடுப்பளவுதான், ஏணி தேவையில்லை. ஆனால் பாதையில் போகிறவர்கள் எல்லோரும் நின்று பார்த்து ஒரு கருத்துச் சொல்லிவிட்டுத்தான் போனார்கள்.

"என்னக்கா, பஸ்ஸுக்கு பவுடர் போடுறீங்களா? கல்யாணமா?" என்றாள் லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கிற கோகிலா.

"ஆமாடி, மாப்பிள்ள மாவனல்லையிலருந்து வர்றாரு. ஒனக்கும் கொஞ்சம் மிச்சம் வைக்கிறேன்."

சுரண்டுவதற்குள் தோள்பட்டை கழன்றுபோனது. ஆனால் பூசுவது சுகமான வேலையாக இருந்தது. உருளை போன வழியெல்லாம் சுரண்டிய தழும்பும் பிரைமர் திட்டும் மறைந்து வெள்ளையாகிக்கொண்டே வந்தது. காற்றடிக்கும்போதெல்லாம் சிவப்பு இலைகள் வந்து ஈரப் பூச்சில் ஒட்டிக்கொண்டன. ரப்பர் மரங்களை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே, கொண்டை ஊசியால் ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்தாள். இரண்டாம் கையும் காய்ந்ததும் தள்ளி நின்று பார்த்தாள். கழுவிக் கவிழ்த்த பீங்கான் தட்டுப் போல இருந்தது கூரை. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் திட்டின் மேல் நின்று வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினாள். சண்முகநாதன் உள்ளே நின்றார்.

"மங்க..." என்று ஒரு குரல் வந்தது. அந்தக் குரலிலேயே அவளுக்கு விளங்கிவிட்டது. டிரைவர் சீட்டுக்கு மேலே சொட்டிக்கொண்டிருந்தது.

மங்கை திட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சண்முகநாதன் வெளியே வந்தார். அவர் கை சட்டைப் பையிலிருந்த போனைத் தொடுவதை அவள் பார்த்தாள். எம்பிலிப்பிட்டிய முதலாளிக்குத்தான் அது என்று விளங்கியதும் அழுகை போய்க் கோபம் வந்தது.

"போன மாசம் எங்கங்க ஒழுகுச்சு?"

"பின்னால, கட்டிலுக்கு மேல."

"அப்ப வண்டி எந்தப் பக்கம் பாத்து நின்னுச்சு?"

அவர் யோசித்தார். "மேட்டப் பாத்து."

மங்கை எழுந்தாள். ரப்பர் மரத்தில் வெட்டுக்கு மேலே மழைத் தண்ணீர் படாமல் பொலித்தீனைப் பாவாடை மாதிரி சுற்றிக் கட்டுவார்கள். அதன் மேல் விளிம்பில் ஊசி நுழையும் அளவுக்கு ஓட்டை இருந்தால் போதும், தண்ணீர் பட்டையோடு ஊர்ந்து எங்கேயோ கீழே போய்த்தான் சொட்டும். சொட்டுகிற இடத்தில் தேடினால் ஒன்றும் அகப்படாது. வருஷக்கணக்காக மரத்தில் பார்த்ததை பஸ்ஸில் பார்க்காமல் போனோமே என்று தன்னையே நொந்துகொண்டாள். மேட்டைப் பார்த்து நின்றால் பின்னால் சொட்டுகிறது, பள்ளத்தைப் பார்த்து நின்றால் முன்னால் சொட்டுகிறது. அப்படியென்றால் ஓட்டை ஒன்றுதான், அது நடுவில் இருக்கிறது.

நடுவில் சாமான் ஏற்றுகிற கெரியர் இருந்தது. அவள் அதைக் கழற்றாமல், அதன் கால்களைச் சுற்றிச் சுற்றிப் பூசியிருந்தாள்.

"ஸ்பேனர எடுத்துக்கிட்டு வாங்க" என்றாள்.

சண்முகநாதன் கெரியரின் போல்ட்டுகளைக் கழற்றினார். நான்காவது காலைத் தூக்கியதும் அடியில் இருந்த தகரம் துருப்பிடித்துப் பொடியாக உதிர்ந்தது. சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் சிரித்தது அவர்தான்.

"இதுக்குப் பயந்தா நான் கட்டில தூக்கிக்கிட்டு ஓடுனேன்?"

துருவை வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்து அடைத்து, வலைத்துணி ஒட்டி, மிச்சமிருந்த பூச்சையெல்லாம் அங்கே பூசினார்கள். கெரியரைத் திரும்பப் பூட்ட வேண்டாம் என்று சண்முகநாதனே சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை மாவனல்லைக் குடும்பம் வந்து இறங்கியது. றிஸாத், அவர் மனைவி இஸ்ரா, இடுப்பில் கைக்குழந்தை, கூடவே றிஸாத்தின் தாயார் மரியம் உம்மா. அன்றிரவு முற்றத்திலேயே தங்கிவிட்டு, மறுநாள் ஆற்றோரம் போவதாகத் திட்டம். அவர்கள் பெட்டியைப் பிரித்தார்களோ இல்லையோ, மாசி மாதம் என்றும் பாராமல் வானம் இருட்டிக்கொண்டு வந்து கொட்ட ஆரம்பித்தது.

மங்கை தேத்தண்ணித் தட்டோடு பஸ்ஸுக்குள் ஓடினாள். குழந்தை கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தது. தகரத்தில் மழை அடிக்கிற சத்தத்தில் பேச்சே கேட்கவில்லை. தட்டை வைத்துவிட்டு அவள் அண்ணாந்தபடியே நின்றாள். முன்னால், நடுவில், பின்னால் எல்லா இடத்தையும் பார்த்தாள். ஒரு சொட்டுக்கூட இல்லை.

"என்ன மகள், மேலயே பாத்துக்கொண்டு நிக்கிறீங்க? இங்க வந்து இரிங்க" என்று மரியம் உம்மா அவள் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்து, ஒரு கோப்பையை அவளிடமே நீட்டினார்.

மங்கை உட்கார்ந்தாள். மழை பெய்கிற நேரத்தில் எதையும் நகர்த்தாமல், எதையும் தூக்காமல், சும்மா உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தது அவளுக்கு நினைவு தெரிந்து இல்லை. கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிதானமாகக் குடித்தாள்.

கதவருகே சண்முகநாதன் தொப்பலாக நனைந்து நின்றார். ஒழுகுகிற தண்ணீரைப் பிடிக்க, வீட்டிலிருந்த பேசின்கள் அத்தனையும் அவர் இரண்டு கைகளிலும் இருந்தன. உள்ளே எட்டிப் பார்த்தார். கூரையைப் பார்த்தார், தூங்குகிற குழந்தையைப் பார்த்தார், பேசின்களை எங்கே ஒளித்துவைப்பது என்று தெரியாமல் விழித்தார். இஸ்ரா சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் திரும்பினாள்.

அப்போது பார்த்து அவர் போன் அடித்தது. பேசின்களைக் கீழே வைத்துவிட்டு எடுத்தார். எம்பிலிப்பிட்டிய முதலாளிதான். மழைச் சத்தத்துக்கு மேலே சண்முகநாதன் சிங்களத்தில் கத்திப் பேசியது பஸ்ஸுக்குள் எல்லோருக்கும் கேட்டது.

"நே மஹத்தயா, பஸ் எக்க தென்னே நே." பஸ்ஸைக் கொடுப்பதாக இல்லை என்றார். அந்தப் பக்கம் என்ன கேட்டார்களோ, இவர் மங்கையைப் பார்த்துக்கொண்டே இன்னும் சத்தமாகச் சொன்னார்: "ஏக்க மகே நோனாகே!"

அது என் வீட்டுக்காரியுடையது என்கிறார். மங்கை தலையைக் குனிந்துகொண்டு மிச்சத் தேத்தண்ணியைக் குடித்தாள்.