பதினெட்டாவது வீட்டுப் பேனல்

நாரணாபுரம் பக்கம் எங்கள் காலனியில் பதினெட்டு வீட்டு மாடியில் சோலார் பேனல் இருக்கிறது. பதினெட்டுக்கும் நான்தான் பொறுப்பு. மதுரையில் இருக்கிற ஒரு தொண்டு நிறுவனம் பேனல் கொடுத்தது, பஞ்சாயத்து அனுமதி கொடுத்தது, எங்கள் மகளிர் குழு என்னைக் கொடுத்தது. பட்டாசு கம்பெனியில் பதினோரு வருஷம் மருந்து கலந்த கைக்கு ஸ்குரூ டிரைவர் பிடிக்க இருபது நாள் பயிற்சி. "பொன்மணி வெயிலப் பிடிச்சு வெளக்கு எரிக்கப் போறாளாம்லே" என்று சிரித்தவர்கள் வீட்டில்தான் முதலில் ஃபேன் சுற்றியது.

நான் ஏன் இந்த வேலைக்கு வந்தேன் என்று ஊருக்கே தெரியும். நாலு வருஷத்துக்கு முன்னால் நாங்கள் மருந்து கலக்கிற ஷெட் வெடித்தபோது அக்கா சின்னத்தாய் உள்ளே இருந்தாள். நான் தண்ணீர் குடிக்க வெளியே வந்திருந்தேன். சேலைத் துண்டை வைத்துத்தான் அவளை அடையாளம் சொன்னேன். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், என் மகள் சினேகா மருந்தைத் தொடவே கூடாது. கஞ்சி இல்லாமல் கிடந்தாலும் சரி. இப்போது பிளஸ் டூ முடித்துவிட்டு காலேஜுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாள்.

போன செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி. எந்த வீட்டுப் பேனல் எவ்வளவு கரண்ட் தருகிறது என்று என் போனில் தெரியும். மாரித்தாய் மதினி வீட்டில் மூன்று நாளாக ஒன்பது மணி ஆனதும் கரண்ட் செத்துவிடுகிறது. போர்வையைக் காயப் போட்டிருப்பாள், இவளுக்கு எத்தனை தடவை சொல்லி அழுவது என்று திட்டிக்கொண்டே வாளியும் துணியுமாக ஏணியில் ஏறினேன்.

கடைசிப் படியில் அப்படியே நின்றுவிட்டேன்.

பேனல் முழுக்க வெள்ளைத் துணி விரித்து, நாலு பக்கமும் சுருட்டி அணை கட்டியிருந்தது. அதன் மேல் மிளகு மிளகாகக் கறுப்பு உருண்டைகள் பரப்பிக் கிடந்தன. மணிமருந்து. வானத்தில் போய்ப் பூவாக விரிகிற வெடிக்குள் வைக்கிற சாமான். இளவெயிலில் காய வைத்து, வெயில் ஏறும் முன்னால் அள்ளிவிட வேண்டும். சூடு கூடினாலும் போச்சு, உரசினாலும் போச்சு. அது கிடந்ததோ தொட்டால் கை கொப்பளிக்கிற பேனலில். வாளியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினேன்.

கீழே மதினி தன் இரண்டு பிள்ளைகளுக்கும் இட்லி வைத்துக்கொண்டிருந்தாள்.

"வா பொன்மணி, சாப்பிடுறியா?"

"மதினி, பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு வெளிய வாங்க. ஓடாம வாங்க."

தெருவில் தண்ணீர்த் தொட்டி வரை கூட்டிப் போய் நிறுத்தினேன்.

"மேல என்னது மதினி?"

அவள் முகம் சுருங்கிப் போனது. "கோவிச்சுக்கிடாத. துணி விரிச்சுத்தான் வச்சிருக்கோம். ஒன் பேனல்ல ஒரு கீறல் விழல, வேணும்னா பாத்துக்கோ."

கீறலாம். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"பிள்ளைக கீழ ஒக்காந்து சாப்பிடுதுக. இதப் போயி வீட்ல வச்சுச் செய்யலாமா?"

"நீதான மீட்டிங்ல சொன்ன, பேனலு பயங்கரமாச் சூடாகும், கை வைக்காதீகன்னு. பட்டாசு ஏஜெண்டு மருந்து மூட்டையக் குடுத்துட்டு சீசன் ஆர்டரு, அவசரம்ங்கான். தரையில போட்டா நாளெல்லாம் காயணும். இதுல ரெண்டு மணி நேரந்தான். எங்களுக்கு எம்புட்டு சௌகரியமா இருக்கு தெரியுமா."

மனசாரச் சொன்னாள். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதைதான். மருந்தே வேண்டாம் என்று ஓடி வந்த நான், மாடிக்கு மாடி அடுப்புக் கட்டிக் கொடுத்திருக்கிறேன்.

"எங்களுக்குன்னா? வேற யாரு?"

மதினி மேற்கே பார்த்தாள். மேற்கே கடைசி வீடு, பதினெட்டாவது, என்னுடையது. என் வீட்டுக் கரண்டை நான் போனில் பார்த்ததே கிடையாது. ஊருக்குத்தான் உபதேசம். மாடியில், பேனலுக்கு முன்னால் சினேகா மண்டி போட்டிருந்தாள்.

கூப்பிட வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். திடுக்கிட்டுத் திரும்பினால் அவள் கை உரசிவிடும். ஓடினாலும் தெரு கூடிவிடும், பதறுவாள். நடந்தேன்.

ஏணிக்குக் கீழே நின்று மெதுவாகச் சொன்னேன். "சினேகா, அம்மா வந்திருக்கேன். கைய எடு. எறங்கி வா."

"இரும்மா, இன்னொரு தடவ பொரட்டிட்டா காஞ்சிரும்."

விரல் படாமல், துணியின் ஓரத்தைத் தூக்கித் தூக்கி உருண்டைகளைத் திருப்பினாள். பல வருஷம் வேலை பார்த்தவர்களுக்குத்தான் அந்தப் பதம் வரும். எத்தனை நாளாகச் செய்கிறாள் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

இறங்கி வந்தவளை இழுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தேன். அவள் உள்ளங்கை முழுக்க மருந்தில் கலக்கிற வெள்ளிப் பொடி.

"எதுக்குடி? ஒனக்கு என்ன கொறை வச்சேன்?"

அவள் அழவில்லை. "ஒன் வேல இன்னும் ஆறு மாசந்தானம்மா. அக்டோபரோட திட்டம் முடியுதுன்னு நீதான சொன்ன. அப்புறம் திரும்ப மருந்து கலக்கத்தான போவ. அதான், ஒனக்குப் பதிலா நான் பளகிக்கிட்டேன்."

தெருவிலேயே உட்கார்ந்துவிட்டேன். வேறு எதைச் சொல்லியிருந்தாலும் அவளை அடித்திருப்பேன்.

மதினி பின்னாலேயே வந்து என் தோளைப் பிடித்தாள். "ஏத்தா, யார்கிட்டயும் சொல்லிராத. கேசு போட்டா ஒம் பிள்ளையும் மாட்டும். இப்பவே அள்ளிருவோம்."

வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. இனி அதை அள்ள யார் பிள்ளையை மேலே ஏற்றுவது? போனை எடுத்துத் தீயணைப்பு நிலையத்துக்கு அடித்தேன். மாடியில் மணிமருந்து காய்கிறது என்றேன்.

"யார் வீடும்மா?" என்று கேட்டார் எடுத்தவர்.

சினேகா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"என் வீடுதாங்க" என்றேன். "மொதல்ல இங்கன வாங்க. மத்த வீட்ட நான் காட்டுறேன்."