மணிக்கட்டில் ஒரு பெல்ட்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது துணி காயப்போடும்போது. ஒட்டுக்கேட்டேன் என்று சொல்லாதீர்கள். என் மாடி ஜன்னலுக்கு நேர் எதிரே, கீழே டேப்ரெக்கார்டர் ரிப்பேர் கடை. அங்கே பேசுவது இங்கே வந்து விழுந்தால் காதைக் கழற்றியா வைக்க முடியும்?

'முதல் காதல் என்பது' என்று ஆரம்பித்தேன். அடித்துவிட்டேன். 'அன்று மழை' என்று... பொய். மழையில் யார் துணி காயப்போடுவார்கள்?

சரி, இப்படி: பல் டாக்டரின் மகன் ஒரு பழைய டேப்ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு கடைக்குள் நுழைந்தான்.

2

மெக்கானிக் வெளியே போயிருந்தார். மகள் இருந்தாள். பதினாறு வயது. தலைமுடியைத் தானே வெட்டி, சோப்பு தடவி நிமிர்த்தியிருப்பாள். தெருவில் அவள் பெயர் முள்ளுத்தலை. (வைத்தது யார் என்பது கதைக்குத் தேவையில்லை.)

"என்ன ஆச்சு?"

"டேப்பை மென்னு துப்புது."

பட்டனை அழுத்தினாள். கனத்த ஆண்குரல் ஒன்று உறுமியது. கொஞ்சம் கேட்டதும் நிமிர்ந்தாள்.

"டேய், இது என் பாட்டு! ஏன் இப்படி இழுக்குறான்? இதைப் பாடுறது ஒரு பொண்ணு."

"பொண்ணா? உளறாத."

அவள் தன் டேப்ரெக்கார்டரில் தன் கேசட்டைப் போட்டாள். அதே பாட்டு, நாலுகால் பாய்ச்சலில், கீச்சென்று ஒரு சிறுமியின் குரலில்.

[விளக்கம்: அவன் பெட்டியில் டேப்பைச் சுழற்றும் ரப்பர் பெல்ட் தளர்ந்து டேப் மெதுவாகச் சுற்றியது. அவளுடையது அப்பா உதிரி சாமான்களில் கட்டித் தந்தது. மோட்டாருக்கு அவசரம் அதிகம். இருவரும் உயிரை விட்டது காட்டுக்கத்தலான ஒரே பங்க் ராக் பாட்டுக்கு, ஆளுக்கொரு தப்பான வேகத்தில்.]

3

பையன்மேல் எனக்கு நம்பிக்கை வரவில்லை. கழுத்துப் பொத்தான்வரை போடுகிறவன் பங்க் கேட்பானா? அவனை எடுத்துவிட்டுத் தோல் சட்டை போட்ட ஒருவனை எழுதிப் பார்த்தேன். அவன் கண்ணாடி பார்த்துக்கொண்டே...

வேண்டாம். இவனே இருக்கட்டும். ஏனென்றால் இவன் வாயைத் திறந்தான்.

அந்தப் பாட்டைத் தொண்டை கிழியக் கத்தினான், தன் வேகத்தில். அவள் ஸ்க்ரூடிரைவரால் தகர டின்னில் தன் வேகத்தில் அடித்தாள். சைக்கிளையும் ரயிலையும் ஒரே கயிற்றில் கட்டியதுபோல் இருந்தது. பிறகு அவன் கொஞ்சம் ஓடினான், அவள் கொஞ்சம் நின்றாள். ஒரே ஒரு வரியில் இருவரும் சேர்ந்து விழுந்தார்கள்.

எப்படிச் சொல்ல? என் ஈரப் போர்வை கை நழுவித் தெருவில் விழுந்தது. அதைக்கூட நான் கவனிக்கவில்லை. இரண்டு பிள்ளைகளும் எந்தப் பெட்டியிலும் இல்லாத ஒரு வேகத்தை உண்டாக்கிவிட்டு, அதைப் பார்த்துப் பயந்தவர்கள்போல் நின்றார்கள்.

4

மெக்கானிக் வந்தார். "பெல்ட்டுதான் தம்பி. புதுசு ஒண்ணே ஒண்ணு இருக்கு. டீ குடிச்சிட்டு வந்து மாட்டிடறேன்." மேஜைமேல் எடுத்து வைத்துவிட்டுப் போனார்.

"மாட்டிட்டா யார் பாடுறாங்கன்னு தெரிஞ்சிடும்," என்றான் பையன்.

"உனக்குத் தெரியணுமா?"

"உனக்கு?"

அவள் பெல்ட்டைக் கையில் எடுத்தாள். பெல்ட் மாட்டினால் அவன் பெட்டியோடு வீட்டுக்குப் போவான். மறுபடி இந்தக் கடைப் படியேற அவனுக்குக் காரணம் இருக்காது. அவன் பெட்டிக்குள் உறுமிய ஆளும் காணாமல் போய்விடுவான்.

5

முடிவு ஒன்று: பெல்ட்டை மாட்டினார்கள், பாட்டு சரியாக ஓடியது, அதை இருவருக்கும் பிடிக்கவில்லை. (கசப்பு.)

முடிவு இரண்டு: வளர்ந்து கல்யாணம், கச்சேரி. (சினிமா.)

நடந்தது இது. மெக்கானிக் திரும்பி வந்து மேஜையைத் துழாவினார், டிராயரைக் கவிழ்த்தார், கடைசியில் மேலே பார்த்தார்.

"அக்கா, ஜன்னலை விட்டு நகராத ஆளு நீங்க. கறுப்பு பெல்ட்டு ஒண்ணு, இங்கதான் வெச்சேன். பாத்தீங்களா?"

அவர் முதுகுக்குப் பின்னால் முள்ளுத்தலையும் மேலே பார்த்தாள். மணிக்கட்டில் இரண்டு சுற்றாகக் கறுப்பாய் ஒரு வளையம். பையனும் என்னையே பார்த்தான்.

தெரிந்ததைச் சொல்லாமல் இருந்த பழக்கம் எனக்குக் கிடையாது. தெருவையே கேளுங்கள்.

மெக்கானிக் காத்திருக்கிறார். நீங்களும் இவ்வளவு நேரம் என்கூட ஜன்னலில்தானே நின்றீர்கள்? அவருக்கு நீங்கள் பதில் சொல்லுங்கள். நான் கீழே போய் என் போர்வையை எடுத்து வருகிறேன்.