இரண்டு பள்ளம்

மூன்று நாற்பது. நான்கு மணிக்கு அவளோடு வேலை பார்த்த ஒப்பந்த ஆய்வாளன் ஆய்வகச் சாவியை ஒப்படைத்துவிட்டுப் போய்விடுவான், இருபது நிமிடம், அதுவரை அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தால் போதும்... திரையில் ஒளி அளவீட்டுக் கோடு இறங்கி ஏறுகிறது, ஒரே பள்ளம். இரண்டு விழ வேண்டும். பெப்டைடு, அந்தச் சின்னப் புரதத் துண்டு, செல் சவ்வுக்குள் புகுந்து சுருண்டால் இரண்டு பள்ளம், எட்டு மாதம் முன்பு அவளுக்கு விழுந்தது, கட்டுரையாக வந்தது. பெரிய புரதம் சவ்வில் எப்படி மடிகிறது என்று நேராகப் பார்க்க முடியாது, சிக்கு விழுந்த நூல்கண்டு அது, அதனால் ஒரு சின்னத் துண்டை மாதிரியாகச் செய்து பார்க்கிறோம் என்று கருத்தரங்க மேடையில் எவ்வளவு எளிதாகச் சொன்னாள். அதே துண்டு அவன் கையில் சுருளவில்லை. பதினோரு முறை. இரண்டு பிள்ளைகளின் தகப்பன், எனக்கு வரமாட்டேங்குதுக்கா என்று வந்து நின்றான். அதுக்கெல்லாம் கைராசி வேணும்ப்பா என்றாள். துறைக் கூட்டத்திலும் அதையே சொன்னாள், எல்லோரும் சிரித்தார்கள், துறைத்தலைவர் சிரித்துக்கொண்டே ஏதோ குறித்துக்கொண்டார், அவன் ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. வேடிக்கைக்குத்தானே சொன்னாள்?

நேற்று ஏன் அந்தச் சோதனையைத் திரும்பச் செய்தாள், சும்மா இருந்திருக்கலாம். பெப்டைடைக் கரைக்கிற திரவமே அதைச் சுருட்டிவிடும், சவ்வே வேண்டாம், அதனால் இரவு முழுக்க வெற்றிடப் பம்பில் வைத்து அந்தத் திரவத்தை ஓட்டிவிட்டுத்தான் அளக்க வேண்டும், இது முதல் வாரப் பாடம். எட்டு மாதம் முன்பு அளந்த அன்று மகளுக்குக் காய்ச்சல், பள்ளியிலிருந்து போன், இரண்டே மணி நேரத்தில் குடுவையைக் கழற்றி அளந்துவிட்டு ஓடினாள், காய்ந்த மாதிரிதான் இருந்தது, வாசனைகூட இல்லை... முகர்ந்து பார்த்தாளா? பார்த்தாள். சந்தேகம் இல்லாதவள் எதற்கு முகர்கிறாள்? காய்ச்சல் மறுநாளே விட்டுவிட்டது, மறுநாளே திரும்பச் செய்திருக்கலாம், குழந்தை மேல் பழி போடாதே. நேற்று மாலை வைத்ததை இன்று காலைதான் எடுத்தாள், முழு இரவு, ஒரே பள்ளம். அவனுக்குப் பதினோரு முறை விழுந்தது இதுதான்.

கதவு திறந்தது, அவள் கை தானாகத் திரையை அணைத்தது. அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். முகத்தில் கோபம் இல்லை, இருந்தால் நன்றாக இருந்திருக்கும். வேற எடத்துல வேலை கேட்டிருக்கேன்க்கா, இன்னும் ஒண்ணும் சொல்லலை என்றான், நோட்டைப் பிரித்தான். தலைவர் அறை நாலு கதவு தள்ளித்தான், எழுந்து போய் உண்மையைச் சொல்ல ஒரு நிமிடம். அவள் எழவில்லை. இவன் எதுவும் கேட்காமல் போய்விட வேண்டும் என்றுதான் காலையிலிருந்து காத்திருக்கிறோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

“அங்கயாவது ஒழுங்கா செய்யணும்க்கா, அதான் கேக்கறேன். நீங்க எவ்வளவு நேரம் காய வச்சீங்க?”