கடைசித் துளையில் நின்ற இருக்கை

பந்தயத் தடத்தின் வாசலில் அனுமதிச் சீட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தவர் குனிந்து காரின் முகப்பைப் பார்த்தார். "அறுபத்தொன்பது மாடலா?" என்றார். "அறுபத்தொன்பது" என்றாள் ஹலீனா. அவர் குதிரையின் வயிற்றைத் தடவுவது போலக் கதவில் கையை ஓட்டிவிட்டு, பதினான்கு என்று எழுதிய அட்டையைக் கண்ணாடிக்கு உள்ளே வைக்கச் சொன்னார். "உங்க ஜோடி ஏற்கெனவே வந்து நிக்குது. செவப்பு. ரெண்டாயிரத்துப் பத்தொம்போது." தெரியும் என்று அவள் சொல்லவில்லை. மார்ச் மாதமே விழா நடத்தும் கார் சங்கத்துக்குத் தொலைபேசி செய்து, பதினான்காம் ஜோடிக்கு லைல் ப்ரூவரின் வண்டிதான் வேண்டும் என்று கேட்டு வாங்கியிருந்தாள்.

பக்கத்தில் அவள் அண்ணன் காஸ் கைகளைத் தொடைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஐம்பத்து நான்கு வயது. கட்டை குட்டையான ஆள், அவர்கள் அப்பாவைப் போலவே. பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை. முப்பத்தைந்து வருடங்களாக அவன் எந்தக் காரின் ஸ்டியரிங்கையும் தொட்டதில்லை. இந்த ரக வண்டி தெருவில் போனால்கூடத் தலையைத் திருப்பிக்கொள்வான். "பதினாலு வருஷமா ஒரு மஸ்டாங்கை எழுப்பி நிறுத்தியிருக்கேன், ஒரு தடவை வந்து பாரு" என்று தங்கை கெஞ்சியதால் வந்தான். அது பச்சை நிறத்தில் இருந்ததால் அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. அவனுடையது நீலம்.

1988 ஆகஸ்டில், லபீர் சாலையில், அந்த நீல மஸ்டாங் வெர்னன் டில் என்ற மனிதரைச் சைக்கிளோடு அடித்துத் தூக்கி எறிந்தது. வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர் அங்கேயே செத்துப்போனார். கார் மரத்தில் மோதி நின்றது. காஸ் வெளியே சரளைக்கல்லில் கிடந்தான். மண்டையில் அடி. அன்று மத்தியானத்திலிருந்து நடந்தது எதுவும் அவன் நினைவில் இல்லை, பிறகும் வரவில்லை. கூட இருந்த நண்பன் லைலுக்குச் சிராய்ப்பு மட்டும்தான். காஸ்தான் ஓட்டினான் என்று லைல் சொன்னான். வண்டி காஸுடையது, மூச்சில் பீர் வாடை இருந்தது, வேறு யாரும் பார்க்கவில்லை. ஐந்து வருடச் சிறை.

பதினாறு வயது ஹலீனா, அண்ணனின் சாமான்களை எடுத்துவர அப்பாவோடு வண்டிக் கிடங்குக்குப் போனாள். நொறுங்கிய கதவு வழியாக உள்ளே நுழைந்து ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். கால் கிளட்சை எட்டவில்லை. காஸுக்கும் அவளுக்கும் ஒரே உயரம். இதைச் சொன்னபோது போலீஸ்காரர் சிரித்தார். "மோதின வேகத்துல சீட்டு பின்னாடி நகர்ந்திருக்கும் பாப்பா" என்றார். லைல் ஆறடி நான்கு அங்குலம்.

அதைக்கூட அவள் விட்டிருப்பாள். விட முடியாதது வேறு ஒன்று. லைல் ஒரு முறை சிறைக்குப் போய்க் காஸைப் பார்த்தான். ஒரு பெட்டி சிகரெட் கொடுத்தான். காஸ் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதானாம். "உன்னையும் கொன்னிருப்பேனேடா, என்னை மன்னிச்சுடு" என்றானாம். லைல் மன்னித்தான். இதைக் காஸே விடுதலையாகி வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னான், எவ்வளவு நல்லவன் பார் என்று. அன்று மேசைக்குக் கீழே தன் முழங்காலை நகத்தால் கீறிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்த ஹலீனாவுக்கு, ஐம்பத்தொரு வயதிலும் அந்த இடம் எரிவது போல இருந்தது.

கியர்பெட்டி பழுது பார்க்கும் பட்டறையில் முப்பது வருட வேலை. பழைய உதிரிபாகச் சந்தைகளில் அலைந்ததில், 2009இல் ஒரு விவசாயியின் கொட்டகையில் அந்த வண்டியின் கூடு கிடைத்தது. இரும்புச் சட்டகத்தில் பொறித்திருந்த எண்ணை அப்பாவின் பழைய காப்பீட்டுத் தாளோடு ஒத்துப் பார்த்தாள். அதுதான். இரண்டு வருடம் கழித்து இருக்கையைக் கழற்றப் போனபோது அது கழன்று வரவில்லை. அடியில் படுத்து விளக்கடித்துப் பார்த்தாள். இருக்கை முன்னும் பின்னும் நகரும் தண்டவாளம் போன்ற தகடு, மோதலில் நசுங்கி, இருக்கையை ஓரிடத்தில் நிறுத்தும் பூட்டு முள்ளைக் கவ்விக்கொண்டிருந்தது. முள் பின்கோடியில் இருந்த கடைசித் துளைக்குள் இருந்தது. இருக்கை நகர்ந்து போய் நின்றதல்ல. மோதும்போதே அங்கே பூட்டப்பட்டிருந்தது. கிரீஸும் துருவும் கண்ணில் விழ, அவள் வெகுநேரம் அப்படியே படுத்திருந்தாள். ஒரு வக்கீலிடம் போனாள். வளைந்த தகட்டை வைத்து ஒன்றும் நடக்காது, அந்த ஆள் தன் வாயால் சொன்னால் பார்க்கலாம் என்றார் அவர். அன்றிலிருந்து மற்ற எல்லாவற்றையும் புதிதாக்கினாள். அந்தத் தகட்டை மட்டும் தொடவில்லை.

'பழையதும் புதியதும்' என்று சங்கம் பெயர் வைத்திருந்த இன்றைய விழாவில், ஒரே பெயர் கொண்ட இரண்டு வண்டிகளை ஐம்பது வருட இடைவெளியில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துவார்கள். மக்கள் நடந்து நடந்து பார்ப்பார்கள். பிறகு சொந்தக்காரர்கள் வண்டியை மாற்றிக்கொண்டு கால் மைல் ஓட்டுவார்கள். காஸ் பசிக்கிறது என்று சாப்பாட்டு வண்டிப் பக்கம் போனான். ஹலீனா பச்சையைச் சிவப்புக்கு அருகில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

லைல் ப்ரூவர் நரைத்திருந்தான். உடம்பு பருத்திருந்தது. ஆனால் அதே உயரம், அதே கலகலப்பு. கல்யாணத்துக்குப் பிறகு பெயர் மாறியிருந்த அவளை அவனுக்குத் தெரியவில்லை.

"நீங்களே செஞ்சீங்களா மேடம்? முழுக்க? எங்க வீட்டம்மாவுக்கு டயர்ல காத்து அடிக்கவே பயம்" என்றான். பின்புறம் போய் மண்டியிட்டான். "இது ஒண்ணுதான் பாருங்க மாறாம இருக்கு. பக்கத்துக்கு மூணு மூணா செவப்பு விளக்கு. மத்ததெல்லாம் மாறிப்போச்சு. உங்களது மூச்சு விடற சத்தம் கேக்குது. என்னது கம்ப்யூட்டர். நான் தப்புப் பண்ணினா அதுவே திருத்திக்கும்."

"என்னது திருத்தாது" என்றாள் ஹலீனா. "பிரேக்கை மிதிச்சா கொஞ்சம் யோசிச்சுட்டுத்தான் நிக்கும். ஏர்பேக் கிடையாது, ஸ்டியரிங் நேரா நெஞ்சுக்கு வரும். தப்புப் பண்ணினா யாராவது ஒருத்தர் அனுபவிக்கணும்."

அவன் சிரித்தான். நன்றாகப் பேசுகிறீர்கள் என்றான்.

அவள் சிவப்பு வண்டிக்குள் ஏறினாள். ஓட்டுநர் பக்கமே ஒரு சோபா போல இருந்தது. கால் எதையும் எட்டவில்லை. லைல் சன்னல் வழியாகக் குனிந்து கதவில் இருந்த பொத்தான்களைக் காட்டினான். "ஒண்ணு என்னோடது. ரெண்டு எங்க வீட்டம்மாவோடது, அவங்களும் உங்க உயரம்தான். அமுக்குங்க." அவள் அமுக்கினாள். இருக்கை முனகிக்கொண்டே அவளை முன்னால் கொண்டுபோய்க் கிளட்சருகே நிறுத்தியது. "யார் ஓட்டினாங்கன்னு அது ஞாபகம் வச்சுக்கும்" என்றான் லைல்.

ஹலீனாவுக்கு வாயைத் திறந்தால் சிரித்துவிடுவோமோ என்று பயமாக இருந்தது. இப்படி ஒரு வாக்கியத்தை அவனே தன் வாயால் தருவான் என்று பதினான்கு வருடத்தில் ஒரு நாள்கூட அவள் ஆசைப்பட்டதில்லை.

இறங்கி வந்து பச்சை வண்டியின் கதவை அவனுக்காகத் திறந்து பிடித்தாள். முதுகுக்கு வைத்திருந்த தலையணையை எடுத்துக்கொண்டாள். லைல் ஒரு காலை வைத்தான், சாய்ந்தான், மற்றக் காலை இழுத்துக்கொண்டான். முழங்கால்கள் ஸ்டியரிங்குக்குக் கீழே சரியாக நுழைந்தன. அப்போது ஒலிபெருக்கிக்காரன் ராண்டி மைக்கைத் தூக்கிக்கொண்டு அவர்களிடம் வந்துவிட்டான். தடுப்புக் கம்பிக்கு அப்பால் முந்நூறு பேராவது இருப்பார்கள்.

"லைல், அம்பது வருஷம் பின்னாடி போய் உக்காந்திருக்கீங்க. எப்படி இருக்கு?"

"எனக்கு அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருக்கு" என்றான் லைல். அவன் குரல் தடம் முழுக்கக் கேட்டது. "பழைய வண்டில ஏறினா முதல்ல சீட்டைப் பின்னாடி தள்ளணும், எங்கூட ஜென்மத்துக்கும் சண்டை போடும். இதுல கையே வைக்க வேண்டாம்."

"கை வச்சாலும் நகராது" என்றாள் ஹலீனா. ராண்டி, வேடிக்கை என்று நினைத்து மைக்கை அவள் பக்கம் நீட்டினான். அவள் அதைக் கையில் வாங்கிக்கொண்டாள். "இந்த வண்டி எண்பத்தெட்டுல லபீர் ரோட்டுல வெர்னன் டில்னு ஒருத்தரை அடிச்சுக் கொன்னுச்சு. அன்னைக்கு சீட்டு எங்க நின்னுச்சோ அங்கதான் இன்னைக்கும் நிக்குது. பூட்டு முள்ளு கடைசித் துளையில சிக்கியிருக்கு, யார் வேணா படுத்துப் பாக்கலாம். அதுக்கு ஜெயிலுக்குப் போனது எங்கண்ணன். அவனுக்கு இதுல உக்காந்தா கால் எட்டாது. யாருக்கு அளவெடுத்ததுன்னு இவரே இப்பச் சொன்னாரு."

யாரோ ஒருவர் சிரித்து, பாதியில் நிறுத்தினார். லைல் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கையை எடுக்கவில்லை. தலைக்கு மேலே கூரைத் துணியைப் பார்த்தான், கதவின் உள்பக்கத்தைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான்.

"நீ காஸோட தங்கச்சி."

"ஆமா."

"அப்ப எனக்குப் பத்தொம்போது வயசு" என்றான் லைல் மெதுவாக. "அவனுக்கு நினைவே இல்லை. எங்கப்பா வந்து, ஒருத்தன் வாழ்க்கை போனா போதும்னாரு. எனக்குப் பத்தொம்போது வயசு."

"அவனுக்கும் அதே வயசுதான்."

மைக் திறந்தே இருந்தது. ராண்டி அதை அவள் கையிலிருந்து பிடுங்கியபோது எல்லாப் பேச்சும் தடத்தையே தாண்டிப் போயிருந்தது. நிறைய கைகளில் கைபேசிகள் உயர்ந்திருந்தன. ஹலீனா லைலின் முகத்தை அங்குலம் அங்குலமாகப் பார்த்தாள். தாடைக்குக் கீழே தொங்கிய சதை நடுங்குவதை, மேலுதட்டு வேர்வையை, எழுந்திருக்கக் காலை வெளியே எடுக்கத் தெரியாமல் அவன் தடுமாறுவதை. இரக்கம் வருகிறதா என்று தன்னைக் கேட்டுப் பார்த்தாள். வரவில்லை. நன்றாகத்தான் இருந்தது. தாகத்துக்குக் குடித்தது போல இருந்தது.

பிறகுதான் காஸைத் தேடினாள்.

அவன் கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் வந்திருந்தான். கையில் அட்டைத் தட்டு, அதில் இறைச்சிக் குழம்பு ஊற்றிய இரண்டு ஹாட் டாக், ஒன்று அவளுக்கு. வண்டியிலிருந்து ஒருவழியாக வெளியே வந்த லைல், "காஸ்" என்றான். காஸ், வேலை நேரத்தில் யாரோ கூப்பிட்டதைப் போல, ஒரு கையை லேசாக உயர்த்தினான். "அப்புறம் பேசலாம் லைல்." தங்கையின் முன்னால் வந்து நின்றான்.

"இது என்னோட வண்டியா?"

"ஆமா காஸ்."

"அந்த முள்ளு. அதை எப்பப் பாத்த?"

அந்தக் கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை. என்னென்னவோ கேட்பான், அழுவான், லைலின் சட்டையைப் பிடிப்பான் என்றெல்லாம் நினைத்திருந்தாள். "வண்டி கெடைச்சு ரெண்டு வருஷம் கழிச்சு" என்றாள்.

"அப்போ பன்னெண்டு வருஷம்."

"வக்கீல் சொன்னாரு, அவன் வாயால வந்தாத்தான்னு. உங்கிட்டச் சொல்லியிருந்தா நீ நேரா அவன்கிட்டப் போயிருப்ப. அவன் ஏதாவது சொல்லி உன்னை நம்ப வச்சிருப்பான். அவனைத் தப்பிக்க விடக்கூடாதுன்னு..."

"டில் வீட்டம்மாவுக்கு மன்னிப்புக் கேட்டு வருஷா வருஷம் கடுதாசி போடுவேன்" என்றான் காஸ். குரல் உயரவில்லை. "நீதான் ஸ்டாம்ப் ஒட்டித் தருவ. எங்கிட்ட ஸ்டாம்ப் இருக்காதுன்னு நீயே வாங்கி வச்சிருப்ப."

அவள் தலையணையை மற்றக் கைக்கு மாற்றினாள்.

"போன பனிக்காலம் அவங்க செத்தாங்க, ஹலி. நான்தான் கொன்னேன்னு நெனச்சுக்கிட்டே செத்தாங்க. நீ அந்தச் சாவுக்கு எங்கூட வந்த. கறுப்புத் துணி போட்டுக்கிட்டுப் பக்கத்துல நின்ன."

"உனக்காகத்தான் காஸ்."

அவன் யோசித்தான். நேர்மையாக யோசிப்பது தெரிந்தது. "இல்ல" என்றான். அட்டைத் தட்டைப் பச்சை வண்டியின் முகப்பில், கவனமாக, பெயிண்டில் படாமல் கீழே ஒரு காகிதக் கைக்குட்டையை விரித்து வைத்தான். பிறகு வாசலைப் பார்த்து நடந்தான்.

அவளை நிறுத்தி வைக்கப் பார்த்தார்கள். போலீஸுக்குச் சொல்ல வேண்டும் என்றார் ஒருவர், என் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள் என்றார் இன்னொருவர், ஒரு பெண் வந்து அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். லைல் தன் சிவப்பு வண்டியின் முன் சக்கரத்தருகே தரையில் உட்கார்ந்திருந்தான். அவனைச் சுற்றி ஒரு வட்டம் வெறுமையாக இருந்தது. ஹலீனா அவன் பக்கம் திரும்பவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வண்டியை வெளியே எடுக்க அவளுக்குக் கால் மணி நேரம் ஆயிற்று.

காஸ் ஒரு மைல் போயிருந்தான். நெடுஞ்சாலையின் ஓரத்தில், தெற்கு நோக்கி, சட்டையின் முதுகு நனைந்திருக்க, ஒரே சீராக நடந்துகொண்டிருந்தான். வீடு இருபத்தாறு மைல். அவள் அவனுக்குப் பக்கத்தில் வந்து முதல் கியருக்கு இறக்கினாள். வலப்பக்கச் சன்னலை எட்டிச் சுழற்றி இறக்கினாள். "காஸ்" என்றாள். இரண்டு பக்கமும் சோளம் ஆளுயரத்துக்கு நின்றது. அந்த வேகத்துக்குப் பழக்கமில்லாத இயந்திரம் சூடேறி, வெப்பமானியின் முள் மெல்ல மெல்லச் சிவப்புக் கோட்டை நோக்கிப் போயிற்று. பின்னால் வந்த வண்டிகள் ஒவ்வொன்றாக ஒலியெழுப்பித் தாண்டிப் போயின, பிறகு தாண்ட இடமில்லாமல் வரிசையாக நின்றன. அவன் திரும்பிப் பார்க்கவில்லை, வேகத்தைக் கூட்டவும் இல்லை. காருக்கு அந்தப் பக்கம், சோளத்தின் மேல், சற்று முன்னே போன அவன் நிழலும் வண்டியின் நிழலும் ஒன்றையொன்று தொடாமல் ஒரே வேகத்தில் போய்க்கொண்டிருந்தன.