நீலாவதியை நீக்கச் சொன்ன நாள்

இராஜமாணிக்கம் பெரியவர் விடியற்காலையில் இறந்துபோனார். எங்கள் தோட்டத்து வாட்சாப் குழுவில் சாவுச் செய்தியைப் போட்டவன் அவருடைய தம்பி மகன் சுகுமாறன். குழுவை ஆரம்பித்தவனும் அவன்தான். செனாவாங்கில் வீடு, அங்கேயே தொழிற்சாலையில் சூப்பர்வைசர் வேலை. குழுவின் சட்டங்களெல்லாம் அவன் எழுதியவை, ஒன்றைத் தவிர. ஒரு வீட்டில் சாவு விழுந்தால், பிணம் எடுக்கும்வரை குழுவில் வேறு பேச்சு கூடாது. அது நான் சொன்னது. சாவு விழுந்த அன்று எங்கள் லயத்து வீடுகளில் யாரும் ரேடியோ வைக்கமாட்டோம். அந்த மரியாதை போனுக்குள்ளும் இருக்கட்டும் என்று நினைத்தேன். சுகுமாறனுக்கு அது பிடித்துப்போய் என்னையும் அட்மின் ஆக்கிவிட்டான். நாற்பது வயதுக்குமேல் எழுத்துக்கூட்டப் படித்தவன் நான். அதிகம் எழுதமாட்டேன், சண்டையும் இழுக்கமாட்டேன் என்று கணக்குப் போட்டிருப்பான்.

அன்று காலைப் பசியாறும் நேரத்தில் நீலாவதி ஒரு படம் போட்டாள். வாளி நிறையத் தண்ணீர், தேத்தண்ணீர் நிறத்தில். 'குழாயில இதுதான் வருது. கேக்க ஆளே இல்லையா?' என்று கீழே எழுதியிருந்தாள்.

உடனே சுகுமாறன் கூப்பிட்டான்.

"மாமா, பாத்தீங்களா? பெரியப்பா நடுவீட்டுல கிடக்காரு, இவ தண்ணிக் கதை பேசுறா. தூக்குங்க குழுவ விட்டு."

"நீயே தூக்கலாமே, தம்பி."

"கொள்ளி வைக்கப்போறவன் நான். கோவத்துல செஞ்சேன்னு சொல்வாங்க லா. சட்டம் நீங்க சொன்னதுதானே?"

நான் சொன்னதுதான். ஆனால் நீலாவதியின் புருஷனுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய், ரத்தம் சுத்தம் செய்யச் சிரம்பான் ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிறார். தோட்டத்து ஆட்களை ஏற்றிப்போகும் ஹேமநாதனின் வேனில் இடம் கேட்பதும், நேரம் சொல்வதும் அந்தக் குழுவில்தான். அதை ஏற்பாடு செய்பவனும் சுகுமாறனே. அவளை நீக்கினால் வேன் அவர்களை விட்டுவிட்டுப் போய்விடும். வெள்ளிக்கிழமை அவர் போயாக வேண்டும்.

நான் நீக்கவும் இல்லை, மாட்டேன் என்று சொல்லவும் இல்லை. சட்டையை மாட்டிக்கொண்டு சாவு வீட்டுக்கு நடந்தேன்.

பின்கட்டில் பெண்கள் ஒரு நீலத் தொட்டியைச் சுற்றி நின்றார்கள். அதிலும் அதே தண்ணீர்.

"இதுல குளிப்பாட்டினா, பெரியவரு இருந்ததவிட அழுக்காத்தான் போவாரு" என்றாள் புஷ்பவள்ளி. சாவு வீடு என்றும் பாராமல் யாரோ சிரித்தார்கள்.

நீலாவதி அங்கேதான் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, பொணம் எடுக்கிற வரைக்கும் பொறுத்திருக்கலாம்ல?" என்றேன்.

அவள் நிமிராமல் சொன்னாள். "எடுக்கிறதுக்கு முன்னாடிதானே அண்ணே குளிப்பாட்டணும்?"

சுகுமாறனைக் கூட்டிவந்து தொட்டியைக் காட்டினேன். கையை விட்டு அள்ளிப் பார்த்தான். முகம் மாறிவிட்டது. பக்கத்து ஊரான கோலா சாவாவிலிருந்து லோரியில் தண்ணீர் கொண்டுவர உடனே ஆள் அனுப்பினான். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே என்னிடம் திரும்பினான்.

"தண்ணி வேற, சட்டம் வேற, மாமா. இன்னிக்கு இவள விட்டா, அடுத்த சாவுக்கு ஒருத்தி சேலை விப்பா. அப்ப என்ன சொல்வீங்க?"

அதுவும் நியாயம்தான். சென்ற தீபாவளிச் சமயத்தில் ஒரு சாவுச் செய்திக்கு அடியிலேயே முறுக்கு ஆர்டர் எடுத்தவர்கள் எங்கள் ஆட்கள்.

பெரியவரை நல்ல தண்ணீரில் குளிப்பாட்டி எடுத்துப்போனார்கள். சாயங்காலம் நான் தலைமுழுகிவிட்டுப் போனைப் பார்த்தேன். சுகுமாறன் நீலாவதியை நீக்கியிருந்தான். எங்கே அழுத்துவது என்று தேடித் தேடி அவளைத் திரும்பச் சேர்த்தேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி நீக்கினான். மறுபடி சேர்த்தேன். போன் அடித்தது.

"என்ன மாமா, கண்ணாமூச்சியா ஆடுறீங்க? ஊரே பாக்குது."

"பாக்கட்டும். வெள்ளிக்கிழம வேன் போயிட்டு வரட்டும் தம்பி. அப்புறம் என்ன வேணாலும் செய்."

"வேன நான் நிறுத்துவேன்னா சொன்னேன்?"

"நீ நிறுத்தமாட்ட. ஆனா எத்தன மணிக்குன்னு அவ யார்கிட்ட கேப்பா?"

அவன் போனை வைத்துவிட்டான். அடுத்த நிமிடம், நீங்கள் இனி அட்மின் இல்லை என்று என் போனில் வந்தது. எழுத்துக்கூட்டி வாசித்தேன். இனி அவன் நீக்கினால் என்னால் சேர்க்க முடியாது.

வியாழக்கிழமை வேலை முடிந்து, செம்பனை மரத்துத் தூசியோடு வாசலில் உட்கார்ந்திருந்தபோது நீலாவதியின் கேள்வி வந்தது. 'நாளைக்கு வேன் எத்தனை மணிக்கு?' யாரும் வாய் திறக்கவில்லை. எல்லோரும் சுகுமாறனுக்குத்தான் காத்திருந்தார்கள் போல. பூட்ஸைக்கூடக் கழற்றாமல் நானும் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சுகுமாறன் எழுதினான்.

'ஆறு மணி. உங்க வீட்டு அண்ணனுக்கு முன் சீட்டு வெச்சிருக்கு.'