மாமனுக்கு ஆகாத கொடி

டாக்டரம்மா தமிழில்தான் சொன்னார். சின்னத்தாய்க்குக் காதும் நன்றாகத்தான் கேட்கும். இருந்தும் சொன்ன இரண்டில் ஒன்றைத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். ஸ்கேனுக்குக் கூடப் போனவள் நான். நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

சின்னத்தாயின் மகள் வேல்விழிக்கும் எனக்கும் ஒரே லைன் வீடு, பக்கத்துப் பக்கத்து அறை. ரொம்ப நாள் கழித்துத் தங்கிய கரு. டாக்டரம்மா திரையைக் காட்டினார்: "குழந்தை கழுத்துல தொப்புள்கொடி ஒரு சுத்து சுத்தியிருக்கு. நிறையக் குழந்தைங்களுக்கு அப்படி இருக்கும், தானா அவுந்துடும். பயமே வேண்டாம். குழந்தைக்குச் சத்துக் குடுக்கற நஞ்சுதான் கீழ இறங்கி கர்ப்பப்பை வாயை மூடியிருக்கு. வலி இல்லாம ரத்தம் போனாலும் உடனே ஓடி வந்துடணும்."

வெளியே வந்ததும் சின்னத்தாய் பெஞ்சில் சாய்ந்துவிட்டாள். "கொடி சுத்திப் பொறந்தா தாய்மாமனுக்கு ஆகாதே, மருதா! எம் மகன் என்ன ஆவான்?"

வேல்விழி கொடி சுற்றித்தான் பிறந்தாளாம். அந்த மாசமே சின்னத்தாயின் தம்பி கிணற்றில் விழுந்து செத்தானாம். அவளுக்கு அருண்பாண்டி ஒரே மகன். பயம் வரத்தான் செய்யும். அதுக்காக?

"ஏனுங்க, நஞ்சைப் பத்தித்தானுங்க அந்தம்மா அழுத்திச் சொன்னாங்க," என்றேன்.

"அதுக்கு ஆபரேசன் இருக்கு. இதுக்கு என்ன இருக்கு?"

அன்றைக்கே கிண்ணமும் நல்லெண்ணெயும் வாங்கிவிட்டாள். பிறந்த பிள்ளையின் முகத்தை மாமன் எண்ணெயில் தெரியும் நிழலாகத்தான் முதலில் பார்க்கணும், நேரில் பார்த்துவிடக் கூடாது. அதுவரை அக்கா வீட்டுப் பக்கமே தலைகாட்டக் கூடாதென்று மகனுக்கு உத்தரவு. அடுத்த தெரு பனியன் கம்பெனியில்தான் அவன் டெம்போ ஓட்டினான். "நான் என்ன திருடனா மருதாக்கா?" என்று சிரித்துக்கொண்டே ஒதுங்கிப் போனான்.

தீபாவளி போனஸ் போட்ட மறுநாள் காலை, வேல்விழி கூப்பிட்டாள். பாவாடையெல்லாம் ரத்தம். "வலியே இல்லக்கா. இம்புட்டுப் போகுது. டாக்டரம்மா சொன்னது இதுதானா?" அவள் புருஷன் ராமர் சாயப்பட்டறைக்குப் போயிருந்தான். ஆட்டோ ஸ்டாண்டுக்கு ஓடினேன். ஒரு வண்டி இல்லை, எல்லாம் கடைவீதியில் நின்றன. திரும்பி வந்தால் பாய் நனைந்து கிடந்தது. சின்னத்தாய் பக்கத்தில் செல்போனை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"அருணக் கூப்பிடலீங்களா?"

"அவன் வேணாம்! வழியில பொறந்து அவன் கண்ணுல பட்டுட்டா? ராமரு வரட்டும். வலிதான் எடுக்கலயே."

"அடிப்பாவி, மக சாகறாடி!" என்று கத்திவிட்டுக் கம்பெனிக்கு ஓடினேன்.

டெம்போவோடு வந்தால் கதவு உள்ளே தாழ்ப்பாள். "போயிரு சாமி, உனக்குப் புண்ணியமாப் போகும், போயிரு!" என்று உள்ளே இருந்து மகனிடம் அழுகிறாள். முதலில் வேல்விழியின் குரலும் கேட்டது. "அம்மா, தொறம்மா... கண்ணு இருட்டுதும்மா." அப்புறம் அது கேட்கவில்லை. அருண்பாண்டி கதவை எத்தி எத்தித்தான் உடைத்தான். அதற்குள் போகக்கூடாததெல்லாம் போய்விட்டது.

பெரியாஸ்பத்திரியில் வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை உயிரோடு எடுத்தார்கள். பெண் குழந்தை. வேல்விழி அதற்கப்புறம் கண் திறக்கவே இல்லை.

நர்ஸ் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். சின்னத்தாய் அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டாளே ஒரு கேள்வி, என் ஜென்மத்துக்கும் மறக்காது. "கொடி சுத்தியிருந்துச்சா?"

"இல்லீங்கம்மா. கொடியெல்லாம் எங்கயும் சுத்தல."

அவள் கை அப்போதும் பைக்குள் கிண்ணத்தைத் தேடியது. அருண்பாண்டி கையை நீட்டிப் பிள்ளையை வாங்கினான். முகத்தைத் திறந்து, குனிந்து, நேராகப் பார்த்தான். பிறகு அம்மா பக்கம் திரும்பினான்.

"நல்லாப் பாத்துக்கம்மா," என்றான். "எனக்கு ஒண்ணும் ஆகல."